நெஞ்சு இறுக்கமும் படபடப்பும்: இளவயதினர் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு?

மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாகப் பதியும் சோதனை) அறையில் வேலை பார்க்கிறேன். நான் மருத்துவர் இல்லை. நோயைச் சொல்வதும் மருந்து எழுதுவதும் அவர்கள் வேலை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள் "நெஞ்ச அடைக்குதுண்ணே", "படக்கு படக்குனு அடிச்சுக்குது" என்று வந்து படுக்கும்போது, அதற்கு முன் என்னென்ன செய்தார்கள் என்பதைக் கேட்கிற இடத்தில் இருக்கிறேன். பெரும்பாலும் வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் சோடா, அப்புறம் கூகுள், அப்புறம் மெடிக்கலில் ஒரு மாத்திரை, அதுவும் கேட்கவில்லை என்றால் நேராக எக்கோ, அதாவது இதய ஸ்கேன். நாடியை எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டால் முழிப்பார்கள்.

இந்த வயதில் வரும் படபடப்பில் பெரும்பகுதி உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆபத்தான சிறுபகுதி நழுவிவிடக் கூடாது, மற்றவர்கள் வீணாக அலையவும் கூடாது. அதற்குத்தான் கீழே உள்ள வரிசை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நொடி காட்டும் கடிகாரம் அல்லது போனில் ஸ்டாப்வாட்ச். குறிப்பு எழுத ஓர் இடம். இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. பழைய ஈசிஜி எங்காவது கிடந்தால் அதுவும்.

இவற்றைவிட முக்கியமானது வீட்டில் கேட்டு வைக்க வேண்டிய இரண்டு கேள்விகள். ரத்த சொந்தத்தில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருக்கிறதா? "சித்தப்பா கிணத்துல குளிக்கப் போனவர், அப்படியே போயிட்டாரு" என்பது போன்ற சேதியை மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை. நீச்சல் தெரிந்தவர் தண்ணீரில் காரணமில்லாமல் மூழ்கியிருந்தால் இதயத் துடிப்புக் கோளாறாகக்கூட இருந்திருக்கலாம். அவசியம் சொல்லுங்கள்.

1. முதலில் இது அவசரமா என்று பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதற்குப் பிறகுதான். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்:

- பாரம் வைத்தது போன்ற நெஞ்சு அழுத்தம் பத்துப் பதினைந்து நிமிடமாகியும் விடாமல் இருப்பது. இடது கை, தாடை, முதுகு என்று பரவுவது. கூடவே சில்லென்ற வியர்வை, வாந்தி
- படபடப்போடு மயங்கி விழுந்தது, கண் இருட்டியது
- ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கியது
- உட்கார்ந்திருந்தும் மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, ஆக்ஸிமீட்டரில் ஆக்சிஜன் 94க்குக் கீழே போவது
- ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அதோடு திடீர் மூச்சுத்திணறல். பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், காலில் மாவுக்கட்டு போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்
- ஒல்லியாக, உயரமாக இருக்கும் இளைஞருக்குத் திடீரென ஒருபக்க நெஞ்சுவலியும் மூச்சிரைப்பும் வருவது. நுரையீரலில் காற்றுக் கசிந்திருக்கலாம்
- காய்ச்சல் விட்ட சில நாட்களில் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு

கிராமத்துப் பக்கம் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தேள் கொட்டிய பிறகு உடம்பெல்லாம் வியர்த்து, கை கால் சில்லிட்டு, நெஞ்சு அடித்துக்கொண்டால் விஷம் இதயத்தைத் தாக்குகிறது என்று பொருள். கடிவாய் வலி குறைகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

ஓடும்போது மயங்குவதையும் ஓடி முடித்து நின்றபின் மயங்குவதையும் ஏன் பிரிக்க வேண்டும்? நின்றபின் வருவது பெரும்பாலும் ரத்தம் காலில் தங்குவதால் வருகிற சாதாரண மயக்கம். ஓட்டத்தின் நடுவே வருவது இதயத் தசைத் தடிப்பாகவோ துடிப்புக் கோளாறாகவோ இருக்கலாம். காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகும் தம்பிகளும், அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசலுக்குப் பெயர் கொடுக்கும் தம்பிகளும் இதை மறைக்கிறார்கள். மருத்துவச் சோதனையில் கழித்துக் கட்டிவிடுவார்களோ என்ற பயம். அந்தச் சோதனையே இப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கத்தான் வைக்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் தவறு, பைக்கில் கிளம்புவது. தானே ஓட்டிக்கொண்டு கோரிப்பாளையம் நெரிசலில் போய் மாட்டுகிறவர்கள் உண்டு. பின்னால் உட்கார்ந்து போனாலும் மயங்கினால் பிடிக்க ஆள் இல்லை. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கிறது, ஆள் இருக்கிறது.

அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் அரசு மருத்துவமனைகளிலும் ஈசிஜி எடுக்கலாம். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் தருகிற முதல் டோஸ் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன. ஆகவே ஊர் தள்ளி இருக்கிறவர்கள் மதுரைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று முதல் ஒரு மணி நேரத்தைச் சாலையில் கழிக்க வேண்டாம்.

நெஞ்சுவலிக்குத் தாத்தா நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்து நீங்களும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது ரத்த அழுத்தத்தை இறக்கும். ஏற்கெனவே துடிப்பு எகிறியிருக்கும் இளவயது ஆளை அது கீழே தள்ளிவிடும்.

2. உட்காருங்கள், நாடியை எண்ணுங்கள்

அவசரமான அறிகுறி எதுவும் இல்லையா? வண்டியில் போய்க்கொண்டிருந்தால் ஓரம் கட்டுங்கள். முதுகு சாய்த்து உட்காருங்கள். அடுத்த ஒரு நிமிட வேலைதான் இந்த முழு வழிகாட்டியிலும் பெரியது. படபடப்பு அடங்கியபின் அந்த நேரத்து எண்ணை எந்தக் கருவியாலும் திரும்ப எடுக்க முடியாது.

உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு எலும்புக்கும் நரம்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் மற்றொரு கையின் மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் தொடாதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, இரண்டும் குழம்பும். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு ஒரே சீராக இல்லை என்று தோன்றினால் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்குகிற வழி வேண்டாம். ஒரு துடிப்பு தவறினால் ஆறு தவறிவிடும்.

எண்ணவே முடியாத வேகமா? "எண்ண முடியவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் ஒரு தகவல்தான்.

சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை இயல்பு. தினமும் ஓடுகிறவர்களுக்கு ஐம்பதுகளில் இருக்கலாம். காய்ச்சலில் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 10 துடிப்பு கூடும். திருப்பரங்குன்றம் மலைப்படி ஏறி நிற்கும் 25 வயதுக்காரருக்கு 160, 170 இருந்தால் ஆச்சரியமில்லை; ஓய்வெடுத்தால் இறங்கிவிடும். டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று 160 என்றால் கதை வேறு. எண்ணோடு "என்ன செய்துகொண்டிருந்தேன்" என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்வது இதனால்தான்.

எழுந்து நின்றால் படபடக்கிறது என்பவர்கள் படுத்தபடி ஒருமுறை, நின்று சில நிமிடம் கழித்து ஒருமுறை எண்ணுங்கள். பத்து இருபது கூடினால் சரி. 30க்கு மேல் கூடி, அப்படியே நிலைத்து, தலையும் சுற்றினால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில், அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் காலையிலிருந்து நின்று, தண்ணீரே குடிக்காமல் படபடப்போடு வருகிறவர்களில் பலருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் நிழலுமே போதும்.

ஸ்மார்ட் வாட்ச் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. கை அசையும்போதும் பட்டை தளர்வாக இருக்கும்போதும் அது தப்பான எண்ணைக் காட்டும். காட்டியதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கையாலும் எண்ணுங்கள். ஈசிஜி எடுக்கும் வாட்ச் என்றால் படபடப்பின்போது எடுத்த பதிவைச் சேமித்துக் கொண்டுவாருங்கள், மருத்துவருக்கு உதவும். ஆனால் அதனால் மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது.

3. துடிப்பை மேஜையில் தட்டிக் காட்டுங்கள்

மருத்துவர் "எப்படி அடிச்சுது?" என்று கேட்டால் "ஒரு மாதிரியா இருந்துச்சு டாக்டர்" என்பதுதான் வழக்கமான பதில். அதை வைத்து அவர் என்ன செய்வார்? விரலால் மேஜையில் தட்டிக் காட்டுங்கள். வேகம், சீர், தொடக்கம், முடிவு நான்கும் அதிலேயே வந்துவிடும்.

மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற, சீரான வேகம்: பயம், காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, நீர் வற்றியது, காபி. இதயம் வேறு எதற்கோ பதில் சொல்கிறது. காரணத்தைத் தேட வேண்டும்.

சுவிட்ச் போட்டது போலத் திடீரென்று 150, 180, 200 என்று தொடங்கி, அதேபோலத் திடீரென்று நிற்பது: இதயத்தின் மின்பாதையில் ஒரு கூடுதல் சுற்று இருப்பவர்களுக்கு வருவது. கழுத்தில் குதிப்பது போலிருக்கும். நின்றபின் சிறுநீர் நிறையப் போகும். இளவயதில் தொடங்குகிற கோளாறு இது. இளம் பெண்களுக்கு "டென்ஷன்மா உனக்கு" என்று சொல்லி வருடக்கணக்கில் அனுப்பிவிடப்படுவதும் இதுவேதான். "எந்த நொடியில் தொடங்கியது என்று சரியாகத் தெரியும்" என்றால் அந்த வாக்கியத்தை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது 'டொக்' என்று பலமாக இடிப்பது: ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டது, அடுத்தது ரத்தம் நிறைந்து பலமாக வருகிறது. மிகச் சாதாரணம். தூக்கம் கெட்டால், காபி கூடினால் அதிகமாகும். எக்கோ சரியாக இருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாகத் துடிப்பது: இளவயதில் குறைவு. வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. இரவு முழுக்கக் குடித்தவர்களுக்கும், தைராய்டு அதிகமானவர்களுக்கும், வால்வு பழுதானவர்களுக்கும் வரலாம்.

வால்வு என்றதும் வயதானவர்கள் நோய் என்று நினைக்க வேண்டாம். சிறுவயதில் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு மூட்டுகள் வீங்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், நடுவில் நிறுத்திவிட்டேன் என்பவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊசி இதய வால்வைக் காக்கப் போட்டது. படியேறினால் மூச்சு வாங்கி, படபடப்பும் இருந்தால் பழைய கதையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்யாணம், பிரசவம் நெருங்குகிற பெண்களுக்கு இது இன்னும் அவசரம். கர்ப்ப காலத்தில் இதயத்தின் சுமை கூடும்போதுதான் பழுதான வால்வு வெளியே தெரியும்.

4. இறுக்கம் எங்கே, எப்போது கூடுகிறது

விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு "இங்கதான்" என்று காட்டமுடிகிறதா? அழுத்தினால் அதே வலி வருகிறதா? விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்து வலியாக இருக்கலாம். ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் கூட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள், ஒருவாரம் இருமியவர்கள் இப்படி வருவார்கள்.

எரிச்சலாக மேலே ஏறி, படுத்தால் கூடி, புளித்த ஏப்பம் வருகிறதா? ராத்திரி பதினொன்றரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் பன்னிரண்டுக்குப் படுக்கிற ஊர் இது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட்டுப் பாருங்கள்.

மூச்சை இழுத்தால் குத்தி, முன்னால் குனிந்தால் குறைகிறதா? இதய உறையின் அழற்சியாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். இரவிலும் விடியற்காலையிலும் இறுக்கமும் விசில் சத்தமுமா? ஆஸ்துமாவைச் சொல்லுங்கள்.

நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் வயதைப் பார்க்காதீர்கள். இதயத்துக்குப் போகும் ரத்தம் போதவில்லை என்பதன் பழைய, நம்பகமான அடையாளம் அது. முப்பது வயதுக்காரருக்கு மாரடைப்பு ஈசிஜி இந்த அறையில் வந்திருக்கிறது. சிகரெட், குடும்பத்தில் சீக்கிரமே வந்த மாரடைப்பு, கட்டுப்படாத சர்க்கரை, மிக அதிகக் கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றிரண்டு அவர்களிடம் பெரும்பாலும் இருக்கும்.

இந்தப் படியில் எல்லோரும் சறுக்குவது வாயுவில்தான். "ஏப்பம் விட்டேன், கொஞ்சம் குறைஞ்சுச்சு, அப்ப கேஸ்தான்." மாரடைப்பு வலியும் கொஞ்ச நேரம் குறைந்து மறுபடி வரும். ஜெலுசில் குடித்துக் குறைந்தது என்பது எதையும் நிரூபிக்காது. அதேபோல, அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து இதயம் சரி என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

5. உள்ளே போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள்

பரிசோதனைக்கு முன்பே இதைச் செய்யச் சொல்கிறேன். பாதிப்பேருக்கு விடை இந்தப் பட்டியலிலேயே கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

டீ, காபி எத்தனை, கடைசி டம்ளர் எத்தனை மணிக்கு? மாட்டுத்தாவணியில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற தம்பி "நாலு டீதான்" என்பார். கூடவே எனர்ஜி டிரிங்க் இரண்டு கேன் குடித்திருப்பார்; 250 மில்லி கேன் ஒன்றில் ஏறத்தாழ 75 முதல் 80 மில்லிகிராம் காஃபின் உண்டு. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பார்கள். ஆனால் தூக்கமில்லாத உடம்பு அதற்கு முன்பே முரண்டு பிடிக்கும்.

ஜிம்மில் கொடுக்கும் பிரீ ஒர்க்கவுட் பவுடர், எடை குறைக்கும் மாத்திரை, உதட்டுக்குள் வைக்கும் புகையிலை, சிகரெட், கஞ்சா, மூக்கடைப்புக்கு வாங்கிய சளி மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், தைராய்டு மாத்திரை. எல்லாமே துடிப்பைக் கூட்டக்கூடியவை. அப்பா அம்மா பக்கத்தில் நின்றால் பாதி வெளியே வராது. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க" என்று நாங்களே சொல்வோம். அப்போதாவது மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் போலீஸுக்குச் சொல்லப் போவதில்லை. மருத்துவர் கொடுக்கும் மருந்து இவற்றோடு மோதக்கூடாது, அதுதான் கவலை.

6. படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி

அடிக்கடி நடக்கிற பேச்சு இது.

"அண்ணே, வாட்ச்ல 170 காமிச்சுச்சு."
"எப்ப தம்பி?"
"நேத்து ராத்திரி. அரைமணி நேரம் இருந்துச்சு."
"இப்ப?"
"இப்ப ஒண்ணுமில்லண்ணே. நல்லா இருக்கேன்."

ஈசிஜி தாளில் பதிவாவது பத்து நொடி. அந்தப் பத்து நொடி ஒழுங்காக இருந்தது என்றுதான் அது சொல்லும். நேற்று ராத்திரியைப் பற்றி வாயே திறக்காது. எனவே வீட்டுக்கு அருகே இரவிலும் ஈசிஜி எடுக்கும் இடம் எது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை வந்தால், துணைக்கு ஒருவரோடு ஆட்டோவில் நேராக அங்கே போய் "இப்ப அடிச்சுக்குது, முதல்ல ஈசிஜி எடுங்க" என்று சொல்லுங்கள். சீட்டு, பதிவு எல்லாம் அப்புறம். நெஞ்சுவலி என்று வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பதே மருத்துவ விதி.

அதற்காக, படபடப்பு இல்லாத நேரத்து ஈசிஜி வீண் என்று விட்டுவிடவும் வேண்டாம். பிறவியிலேயே இருக்கும் கூடுதல் மின்பாதை, இதயத் தசைத் தடிப்பு போன்றவை சும்மா இருக்கும்போது எடுத்ததிலும் தடயம் காட்டலாம்.

வரும்போது முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையோ மேல்சட்டையோ போட்டு வாருங்கள். நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு என்று பத்து இடத்தில் ஒட்ட வேண்டும். பெண்கள், பெண் ஊழியர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். நெஞ்சில் தேங்காய் எண்ணெய், பவுடர், வலித்தைலம் எதுவும் வேண்டாம். ஒட்டு நிற்காமல் வழுக்கிக் கோடு அலைபாயும். படுத்தபின் பேசாதீர்கள், மூச்சை அடக்காதீர்கள், போனை நெஞ்சின்மேல் வைக்காதீர்கள். ஏசி குளிரில் நடுங்கினால் சொல்லுங்கள், போர்வை தருவோம். நடுக்கமும் கோடாக விழுந்து துடிப்புக் கோளாறு போலத் தெரியும். இரண்டாவது முறை எடுத்தால் உடனே பயந்துவிடாதீர்கள். கை ஒயர் இடம் மாறிப்போனாலும் திரும்ப எடுப்போம்.

தாளின் மேல்பக்கம் இயந்திரம் தானாகவே சில வரிகள் அச்சடிக்கும். அதைப் படித்துக் கூகுளில் போடுவது இந்த அறைக்கு வெளியே தினமும் நடக்கும் கூத்து. 'சைனஸ் அரித்மியா' என்று பார்த்து அழுத பிள்ளைகள் உண்டு. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடி, விடும்போது குறைவது இளவயது இதயத்தின் இயல்பு. அதைத்தான் இயந்திரம் அப்படி எழுதுகிறது. மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அந்த வரிகளுக்கு மதிப்பில்லை.

தாள் வெப்பத்தில் அச்சாகும் வகை. வெயிலில், பைக் பெட்டியில் வைத்தால் மாதங்களில் வெளுக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள். அந்தச் சூட்டில் முழுத்தாளும் கறுத்துப் போயிருக்கும். போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். படபடப்பின்போது எடுத்தது என்றால் நேரத்தை அதிலேயே எழுதுங்கள்.

7. ரத்தப் பரிசோதனை: கொஞ்சம் போதும்

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பொட்டாசியம். பெரும்பாலும் மருத்துவர் இவற்றில்தான் தொடங்குவார். குடும்பத்தில் மாரடைப்பு இருந்தால் கொழுப்பும் சேரும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனை.

ஹீமோகுளோபினைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13க்குக் குறைந்தால் ரத்தசோகை. ரத்தம் குறைவாக இருந்தால் அதே ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். விடுதியில் தங்கி, காலைச் சாப்பாட்டை விட்டு, மாதவிடாயில் அதிகம் போகிற கல்லூரிப் பெண்ணுக்கு எக்கோவுக்கு முன் இதைப் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது.

இதயத் தசை சேதமானதா என்று காட்டும் ட்ரோபோனின் பரிசோதனையை நீங்களே லேபில் போய்க் கேட்காதீர்கள். வலி தொடங்கி எத்தனை மணி நேரம் என்பதை வைத்துத்தான் அதைப் படிக்க முடியும்; சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கவும் வேண்டியிருக்கும்.

8. எக்கோ, ஹோல்ட்டர், டிரெட்மில்: எதற்கு எது

எக்கோ இதயத்தின் அமைப்பைக் காட்டும்: வால்வு, தசை, பம்ப் செய்யும் திறன். துடிப்புக் கோளாறை அது காட்டாது. "எக்கோ நார்மல், அப்புறம் ஏன் படபடக்குது?" என்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஹோல்ட்டர் என்பது 24 அல்லது 48 மணி நேரம் உடம்பில் கட்டிக்கொண்டு போகும் ஈசிஜி. தினமும் படபடப்பவர்களுக்குப் பயன்படும். மாதம் ஒருமுறை வருகிறவருக்கு ஒருநாள் கட்டிவிட்டால் அன்று எதுவும் வராமலே போய்விடும்; அவர்களுக்கு ஆறாவது படியே நல்லது. கட்டியிருக்கும் நாளில் குளிக்க முடியாது, ஆனால் வழக்கமான வேலை, படியேறுவது, டீ எல்லாம் உண்டு. பத்திரமாக இருக்க வேண்டுமென்று நாள் முழுக்கப் படுத்துக்கொண்டால் பதிவில் என்ன கிடைக்கும்? படபடத்த நேரத்தை எழுதுவதும் கட்டாயம். நேரம் இல்லாவிட்டால் உங்கள் உணர்வையும் கோட்டையும் பொருத்த முடியாது.

டிரெட்மில் சோதனை, நடந்தால் வரும் வலிக்கும் ஓடும்போது வரும் படபடப்புக்கும். மருத்துவர் சொல்லாமல் பேக்கேஜில் சேர்த்து எடுக்க வேண்டாம். இளவயதில் காரணமில்லாமல் எடுத்தால் பொய்யாகச் சந்தேகம் காட்டி அடுத்த பரிசோதனைக்கு இழுத்துவிடும்.

கூடுதல் மின்சுற்று என்று உறுதியானவர்களுக்கு, துடிப்பு எகிறும்போது மூச்சை அடக்கி முக்குவது, உடனே படுத்துக் காலை உயர்த்துவது போன்ற முறைகளை மருத்துவர் கற்றுக்கொடுப்பார். நேரில் பழகுங்கள். கழுத்தை அழுத்துவதும் கண்ணை அழுத்துவதும் வேண்டாம். தொடையின் ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி அந்தச் சுற்றையே சுட்டுத் துண்டிக்கிற சிகிச்சையும் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அதோடு தீர்ந்துவிடுகிறது.

9. "பதற்றம்தான்" என்று சொன்னால்

மேலே உள்ளவை முடிந்து, மருத்துவர் இப்படிச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. "நடிக்கிறேன்னு சொல்றீங்களா?" இல்லை. அந்த நேரத்தில் 130 துடிக்கிறது, அது ஈசிஜியிலேயே இருக்கிறது. பயம் உச்சத்துக்குப் போகும்போது வேகமாக மூச்சுவிடுகிறோம். ரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போகிறது, நெஞ்சு இறுகுகிறது. அதைப் பார்த்து இன்னும் பயம் கூடுகிறது. பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரைமணிக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும்.

வந்தால் மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளமாக இருந்தால் துடிப்பு இறங்கும். காகிதப் பையில் மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம். ஆஸ்துமாவோ நுரையீரல் அடைப்போ இருந்தால் ஆபத்து.

நண்பர் கொடுத்த தூக்க மாத்திரை, பரீட்சைக்கு முன் போடுகிற துடிப்புக் குறைப்பு மாத்திரை இரண்டையும் தொடாதீர்கள். முதலாவது பழக்கமாகிவிடும். இரண்டாவது ஆஸ்துமா உள்ளவரை மூச்சுத்திணற வைத்துவிடும். மனநல மருத்துவர் எழுதும் மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். "நாலு நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி இந்தக் கட்டிலுக்கு வருகிறார்கள். பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பதற்றமும் துடிப்புக் கோளாறும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். முன்பு வந்ததைவிட வேறு மாதிரி வந்தால், மயக்கம் சேர்ந்தால், "அவளுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடக் கூடாது. முதல் படிக்கே திரும்புங்கள்.

10. மருத்துவரிடம் போகும் அன்று

ஒரு பக்கம் போதும். மேலே வயது, குடும்பக் கதை, சாப்பிடும் பொருட்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. இப்படி:

"செவ்வாய் இரவு 9.40. உட்கார்ந்து போன் பார்த்தேன். திடீரென்று தொடங்கியது. நாடி 172, சீராக. கழுத்தில் குதித்தது. 25 நிமிடம். திடீரென்று நின்றது. மயக்கம் இல்லை. மாலையில் இரண்டு காபி."

இந்த ஒரு வரி, மூன்று பக்கக் கவலையைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். இதை முதலில் நீட்டுங்கள், பழைய ஈசிஜிகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள், அப்புறம் பேசுங்கள்.

கிளம்புமுன் கேட்க வேண்டியவை மூன்று: எது நடந்தால் உடனே வர வேண்டும்? ஓட்டம், ஜிம், வண்டி ஓட்டுவது தொடரலாமா? அடுத்து எப்போது வர வேண்டும்?

ஈசிஜி போட்டோவை உங்கள் போனில் மட்டும் வைக்காமல் வீட்டிலோ அறையிலோ கூட இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்தமுறை உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது அவர்கள். உங்கள் போனின் பூட்டைத் திறக்க அவர்களுக்குத் தெரியாது.